ரெண்டாம் நாள் வலி

கொஞ்சம் அக்கட்டால நகந்து உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எடத்துக்குச் சண்டை போடல. காலை மடக்க முடியலீங்க, நீட்டித்தான் வெக்கணும். உங்க பைமேல படாம இப்படி ஓரமா நீட்டிக்கறேன். இருங்க. ஸ்ஸ். சரி, இனிப் பரவால்ல. படிக்குப் பக்கத்துச் சீட்டாக் கெடச்சுது, நல்லதாப் போச்சு. எறங்கறப்ப ரொம்ப தூரம் நடக்க வேண்டியதில்ல பாருங்க.

சீக்கு ஒண்ணும் இல்லீங்க, பயந்துக்காதீங்க. ஜிம்முக்குப் போறேன். ஏனுங்க சிரிக்கறீங்க? அம்பத்தாறு வயசுல ஜிம்முக்குப் போகக் கூடாதுன்னு சட்டமா? சக்கரை இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு, போறேன். முந்தாநேத்து மறுபடியும் காலுக்குப் பயிற்சி குடுத்தாங்க. செஞ்ச அன்னிக்கு ஒண்ணுமே தெரியாதுங்க, ஜம்முனு நடந்து ஊட்டுக்கு வந்தரலாம். ரெண்டாம் நாள்தான் ஆளப் போட்டுப் பாக்கும்.

நீங்க எதுவரைக்கும்? சத்திக்கா. நான் புளியம்பட்டி தாண்டி கரட்டுப்பாளையம் பிரிவுல எறங்கிருவேன். எங்கூட்டு அம்மணியக் கூட்டிட்டு வரப் போறனுங்க. அவ அண்ணன் ஊட்டுல பன்னெண்டு நாளா இருக்கறா. கோவிச்சுட்டுப் போயிட்டான்னு சொன்னா அது பெரிய வார்த்தை. கோவமெல்லாம் இல்ல. கால் வலிக்குதாமா. மூணாவது மாடி இனி ஏற மாட்டாளாமா. கீழ் ஊடாப் பாத்தா வருவாளாமா, இல்லீன்னா அண்ணன் ஊட்டுலயே இருந்துக்குவாளாமா. முப்பது வருசம் குடும்பம் நடத்திப்போட்டு ஒரு பொம்பள சொல்ற பேச்சாங்க இது? நீங்களே சொல்லுங்க.

எம் பேரு சென்னியப்பன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லுல டைம் ஆபீசு. வாசல்ல உக்காந்து, ஆள் வர்றது போறது பாக்கற வேலை. சும்மா உக்காந்திருக்கறான்னு நெனச்சுக்காதீங்க. முப்பது வருசத்துல எத்தன ஆயிரம் பேரு எங்கண்ணு முன்னால போயிருப்பாங்க. ஒருத்தன் நடந்து வர்ற தினுசுலயே சொல்லிருவேன், இவன் நேத்து வேலை செஞ்சானா, மெசினு மறைவுல நின்னு பொழுத ஓட்டுனானான்னு. எங்கிட்ட யாரும் நடிக்க முடியாதுங்க.

ஊடு சொந்த ஊடு. பிளாட்டு. மூணாவது மாடி, லிப்டு கெடையாது. லிப்டு இல்லாததுனாலதான் நம்ம கைக்கு எட்டுச்சு. அம்பத்திநாலு படி. நான் எண்ணுனதில்ல, அவதான் சொல்லுவா. எப்பப் பாத்தாலும் அம்பத்திநாலு அம்பத்திநாலும்பா. நானும் தெனம் அதே படியிலதான் ஏறி எறங்கறேன், எனக்கு ஒரு நாளும் எண்ணணும்னு தோணுனதில்ல பாருங்க.

கோயமுத்தூருத் தண்ணி கதைதான் உங்களுக்குத் தெரியுமே. உப்புத் தண்ணி மோட்டாரு போட்டா மேல டேங்குக்கு ஏறிரும். நல்ல தண்ணி கீழ பைப்புலதான். வர்ற அன்னிக்கு வரிசையில நின்னு புடிச்சு மேல கொண்டாரணும். எட்டுக் குடம். பெரிய பித்தளைக் குடமெல்லாம் இல்ல, பிளாஸ்டிக் குடந்தான். கல்லா மண்ணா சொமக்கச் சொன்னேன்? கேன் தண்ணி வாங்கிக்கலாமான்னு ஒருக்கா கேட்டா. கேன் தண்ணியில காப்பி வெச்சா எனக்கு எறங்காதுங்க. வேண்டாம்னுட்டேன். அவளும் அதுக்கப்புறம் கேக்கல.

இந்தக் கால் வலின்னு பன்னெண்டு வருசமாச் சொல்லிட்டு இருக்கறா. தொடை கடுக்குது, மொழங்கால் புடிக்குது, குதிகால் ஊண முடியல. ஒவ்வொரு தடவையும் நான் பொறுமையாத்தான் சொல்லுவேன். அம்மணி, உனக்கு உடற்பயிற்சி பத்தாது. ஊட்டுக்குள்ளயே சுத்திட்டுக் கெடந்தா காலு என்னத்துக்கு ஆகும்? வெளிய வந்து காத்தாட நட. சரிங்கன்னு சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போயிருவா. சொன்ன பேச்சக் கேட்டாத்தானுங்க.

அப்பத்தான் நான் ஜிம்முல சேந்தேன். அங்க இருக்கற மாஸ்டரு நல்ல விவரமான ஆளு. மொத நாளே சொன்னாரு, சார், வலி வந்துச்சுன்னா தசை வேலை செஞ்சிருக்குதுன்னு அர்த்தம், பயந்துக்காதீங்க. இன்னிக்குத் தெரியாது. ரெண்டாம் நாள் உச்சம். மூணாம் நாள் எறங்கும். அஞ்சாம் நாள் ஆளு புதுசு. ஆனா நடுவுல அந்தத் தசையத் தொடப்படாது, ரெஸ்டு குடுக்கணும். ரெஸ்டுலதான் அது பலமாகுது, விடாமப் போட்டு வதைச்சா தேஞ்சுதான் போகும். அப்படீன்னாரு. எம் மனசுக்கு அது பட்டுன்னு புடிச்சுப் போச்சுங்க. எவ்வளவு நாயமான விசயம் பாருங்க. உழைச்சா வலிக்கும். ஓய்வு குடுத்தாப் போயிரும். போகலீன்னா அது உழைச்ச வலியே இல்ல.

கடைசி வரி மாஸ்டர் சொன்னதில்ல, நானாச் சேத்துக்கிட்டது. ஆனா சரியாத்தானுங்களே வருது?

ரெண்டு வாரத்துக்கு முன்னால, அந்த மொத நாளு அவரு இருபது தடவ உக்காந்து எந்திரிங்கன்னாரு. பக்கத்துல நிக்கறவனெல்லாம் சின்ன வயசுக்காரங்க, நான் விட்டுக் குடுப்பனா? அறுவது போட்டேன். போதும் சார் போதும் சார்ங்கறாரு மாஸ்டரு. ஊட்டுக்கு வந்து அவகிட்டச் சொன்னேன், அறுவது போட்டேன் அம்மணின்னு. கால் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுதுன்னா. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்சது.

மறுநாள் லேசா. அதுக்கடுத்த நாளு கட்டில்ல இருந்து காலை எடுத்துக் கீழ வெக்கறேன், வேற யாரோ காலாட்ட இருக்குதுங்க. நடந்தா வலி, நின்னா வலி, தும்முனா வலி. மில்லுக்கு லீவு சொல்லிப்போட்டேன். அதையும் சொல்லோணும், அவ நல்லாத்தான் பாத்துக்கிட்டா. நல்லெண்ணெ காய்ச்சித் தேச்சா, சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தா, கீழ உக்காந்து ரெண்டு காலையும் மாத்தி மாத்தி அமுத்தி விட்டா. அமுத்தறப்ப நான் அவளுக்கு வெளக்கமாச் சொன்னேன். இந்த வலி படி ஏறறப்பக் கூடத் தெரியாது, எறங்கறப்பத்தான் உசுரு போகுதுன்னேன். எனக்குத் தெரியுமுங்கன்னா. உனக்கெப்படித் தெரியும்னேன். அடுத்த காலுக்கு மாறிட்டா. எதச் சொன்னாலும் தெரியும்பா, அது ஒரு பழக்கம் அவளுக்கு.

அப்புறம் சொன்னேன், பாரு அம்மணி, இதுதான் வலி. இன்னும் ரெண்டு நாள்ல போயிரும். உன்னுது பன்னெண்டு வருசமாப் போக மாட்டேங்குதே, ஏன்? உழைச்ச வலியா இருந்தாப் போயிருக்கோணுமல்ல?

அமுத்திட்டு இருந்த கை நின்னுச்சு. அவ மொகத்த நான் பாக்கல, நான் மல்லாந்து படுத்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அமுத்துனா. மொதல்லயவிட நல்லாவே அமுத்துனா.

அதுக்கு மறுநாள்தானுங்க வெனை. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, ஆம்பளைக்கு ஆம்பள. எங்கூட்டுல பழைய மாதிரிக் கக்கூசு, குத்த வெச்சு உக்கார்றது. வெஸ்டர்னு மாத்தலாம் மாத்தலாம்னு அவ நாலஞ்சு வருசமாச் சொல்லிட்டுத்தான் இருந்தா. குத்த வெச்சு உக்காந்தாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு நான்தான் விட்டுட்டேன். அன்னிக்கு வெடியால உள்ள போயி, தாப்பாளப் போட்டு, எப்படியோ செவுத்தப் புடிச்சு உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியலீங்க. தொடை ரெண்டும் பூட்டுப் போட்ட மாதிரி. ஒரு விரக்கடை கூட மேல வரல. பின்னால சாஞ்சா விழுந்திருவேன், முன்னால சாஞ்சாலும் விழுந்திருவேன். தாப்பாளு தலைக்கு மேல, எட்டல.

கூப்பிடறேன் கூப்பிடறேன், யாருமில்ல. அன்னிக்குத் தண்ணி வர்ற நாளு. அவ கீழ வரிசையில நிக்கறா. அரை மணி நேரம் இருக்குமுங்க. சிரிக்காதீங்க. அந்த நாலடிக்கு மூணடிக்குள்ள, மூடுன கதவப் பாத்துட்டு, இப்படியே செத்துப் போனாக்கூட நாலு பேரு கதவ ஒடச்சு இந்தக் கோலத்துலதான் தூக்கோணும்னு நெனச்சு எனக்கு அழுகையே வந்திருச்சு. அந்த மாதிரி ஒரு நெலம யாருக்கும் வரக் கூடாது.

அவ மொதக் குடத்தோட மேல வந்தா. எஞ்சத்தம் கேட்டு, குடத்தோடயே கடைசிப் படியெல்லாம் ஓடி வந்திருக்கறா போல. தண்ணி சிந்தற சத்தம் கேட்டுச்சு.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"எந்திரிக்க முடியல அம்மணி."

"தாப்பாள எடுங்க."

"எட்டல."

அப்புறம் தொப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்ல. எனக்குப் பயமாப் போச்சு. அம்மணி, இருக்கறியான்னேன்.

"இருக்கறனுங்க. மொழங்கால் விட்டிருச்சு. நானும் உக்காந்துட்டேன். எந்திரிக்க வரலீங்க."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். நான் உள்ள இந்தக் கதியில கெடக்கறேன், இவ வெளிய எங்கூடப் போட்டி போடறா. கதவுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். ரெண்டு பேரும் எந்திரிக்க முடியாம. வெளிய சொன்னா நம்புவாங்களா?

அப்பத்தான் பேச ஆரம்பிச்சா. அவ பேசறதே அபூர்வம். தெனமும் வெடியால எனக்கு இப்படித்தானுங்க இருக்கும், அப்படீன்னா. செவுத்தப் புடிச்சு, கட்டில் காலப் புடிச்சு, நீங்க முழிக்கறதுக்குள்ள எந்திரிச்சிருவேன், அதனால நீங்க பாத்ததில்ல. உங்களுக்கு ரெண்டு நாளு. எனக்கு நாளைக்கும் இருக்கும், மக்யா நாளும் இருக்கும். எறங்கறப்பத்தான் வலிக்கும்னு உனக்கெப்படித் தெரியும்னு கேட்டீங்களே, வெறுங் குடத்தோட எட்டு வாட்டி எறங்கறவளுக்குத் தெரியாதுங்களா? கீழ ஒரு ஊடு பாருங்க. வாடகைக்குன்னாலும் சரி. முடியலீன்னா தண்ணியயாவது நீங்க ஏத்துங்க, ஒரே ஒரு மாசம். நான் வேறெதும் கேக்கலீங்க.

இப்படி நிறுத்தி நிறுத்தி, மெதுவாத்தான் சொன்னா. சண்டையாச் சொல்லல. அதான் எனக்குப் புரியல. சண்டையாச் சொல்லியிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த நெலமையிலயும் நான் அவ நல்லதுக்குத்தானுங்க யோசிச்சேன். சொன்னேன், அம்மணி, ஜிம்முல லேடீஸ் பேட்ச் இருக்குது. மத்தியானம் மூணு மணிக்கு. உன்னையும் சேத்தி விட்டர்றேன். ஒரே மாசத்துல அம்பத்திநாலு படியும் பஞ்சா ஏறுவே.

வெளிய குடம் நகர்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சிரிச்சா. முப்பது வருசத்துல அப்படி ஒரு சிரிப்பு அவகிட்ட நான் கேட்டதில்லீங்க. ரொம்ப நேரம் சிரிச்சா. சரி, ஒத்துக்கிட்டான்னு நெனச்சேன்.

கடைசில பக்கெட்டக் கவுத்து வெச்சு, குழாயப் புடிச்சு, பல்லக் கடிச்சுட்டு நானே எந்திரிச்சுட்டேன். கதவத் தொறந்தா செவுத்தோரம் உக்காந்திருக்கறா, காலு ரெண்டும் நீட்டி, பக்கத்துல பாதிக் குடம் தண்ணி. என்னப் பாத்துக் கைய நீட்டுனா. நான் குனிய முடியுங்களா? எந்நெலமைய ரோசனை பண்ணிப் பாருங்க. செவுத்தப் புடிச்சு எந்திரி அம்மணின்னேன். கைய எடுத்துக்கிட்டா. செவுத்தப் புடிச்சுத்தான் எந்திரிச்சா. மீதி ஏழு குடத்தையும் அவதான் கொண்டாந்து வெச்சா. சோறு ஆக்குனா. எனக்குப் போட்டா. பாத்திரம் கழுவிக் கவுத்துனா.

மத்தியானம் பையோட நிக்கறா. அண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க, கீழ் ஊடு பாத்துட்டுச் சொல்லி விடுங்கன்னா. வெளையாட்டுக்குன்னு நெனச்சேன். படிக்கு வந்து பாத்தா, மொதப் படியில உக்காந்துட்டா. பைய மடியில வெச்சுட்டு, கைய ஊணி ஊணி, உக்காந்தவாக்குலயே ஒவ்வொரு படியா எறங்கறா. நான் மேல கம்பியப் புடிச்சுட்டு நிக்கறேன். பின்னாலயே போயிப் புடிக்கலாம்னா எனக்கு ஒரு படி எறங்க முடியல. காலைத் தூக்கி வெச்சாலே கண்ணு இருட்டுது. அம்மணி, அம்மணின்னு கூப்பிட்டேன். அவ திரும்பல. அவ தலை வளைவுல மறையற வரைக்கும் பாத்துட்டே நின்னேன். மறஞ்ச பொறகும் கம்பிய விட்டுட்டு உள்ள போகலீங்க. இவ இல்லாம அந்த ஊட்டுல தனியா இருந்து எனக்குப் பழக்கமே இல்ல.

மூணு நாளு மேலயே கெடந்தேன். ஜெயிலுதான். சன்னல்ல நின்னு ரோட்டப் பாக்கறது, படுக்கறது, மறுபடியும் சன்னலு. குடத்துத் தண்ணி தீந்து போச்சு. உப்புத் தண்ணியக் காய்ச்சி ஒரு நாள் குடிச்சேன், முடியல. போன் பண்ணிக் கேனுக்குச் சொல்லிட்டேன். தோள்ல வெச்சுக் கொண்டாந்து அடுப்படியிலயே எறக்கிட்டுப் போறாங்க, ரெண்டு நிமிச வேல. காப்பியும் பரவால்லாமத்தான் இருக்குது. பழகிப் போச்சு.

அஞ்சாம் நாளு வலி பூராப் போயிருச்சுங்க. மாஸ்டர் சொன்ன மாதிரியே. அன்னிக்கு அவ அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரு, மாப்ள, அவ கொஞ்ச நாளு சும்மா இருக்கட்டும், அவசரப்படாதீங்கன்னாரு. அவளக் கூப்பிடுங்கன்னேன். வந்து, மூணு மாடி ஏற மாட்டனுங்கன்னு ஒரு வார்த்தை. போன வெச்சுட்டா.

என்ன கேட்டீங்க? அவளுக்கு நடுவுல ரெஸ்டா?

ஊட்டு வேலைக்கு ஏதுங்க ரெஸ்டு. மில்லா, வாரத்துக்கு ஒரு நாள் லீவு உட. இருங்க, அப்படியும் சொல்ல முடியாது. புள்ளப் பேத்துக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போனா, அப்ப ஒரு மாசம் இருந்தா. அதுக்கப்புறம், அவங்கய்யன் செத்தப்ப மூணு நாளு. அப்புறம்... காய்ச்சல் வந்தாக்கூட எந்திரிச்சு எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிருவாளுங்க, அதுல கொறையே சொல்ல முடியாது. ஏனுங்க அதையெல்லாம் கேக்கறீங்க? நான் ஒண்ணும் அவளப் போட்டு வதைக்கலியே. ஒரு நாளு கை நீட்டி அடிச்சதில்ல. குடிக்கறதில்ல. நீங்க யாரை வேணும்னாலும் விசாரிச்சுப் பாருங்க.

இப்ப நான் ஒரு முடிவோடதான் போறேன். லேடீஸ் பேட்ச்சுல பேரு குடுத்தாச்சு. இந்தப் பையில பாருங்க, ஷூ. அவளுக்குத்தான். அளவு தெரியல, ஏழுன்னு வாங்கியிருக்கறேன், கடைக்காரரு மாத்திக்கலாம்னாரு. இதப் பாத்தா அவ மனசு எளகிரும். நேத்தே அவ அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன், இந்த பஸ்ஸுக்கு வர்றேன், அவளப் பிரிவுக்கு வந்து நிக்கச் சொல்லுங்கன்னு. சொல்றனுங்க மாப்ள, அவ இஷ்டமுன்னாரு.

புளியம்பட்டி தாண்டிட்டோமா? அப்ப வந்திருச்சு. அந்த வேப்ப மரத்துக்கிட்டத்தான் நிறுத்துவாங்க. கொஞ்சம் உங்க தோளக் குடுங்க, இப்பவே எந்திரிச்சு நின்னுக்கறேன். ஸ்ஸ். அம்மா.

அதா. அதா பாருங்க, பச்சச் சேலை. அவதான். வந்துட்டா பாத்தீங்களா, நான் சொல்லல? எங்கூட்டு அம்மணிதானுங்க அது. அந்தச் சந்துல இருந்து...

ஏனுங்க, நல்லா நடக்கறா.

பாருங்களேன், எப்படி நடக்கறா. கைய வீசிட்டு. ஒரு நொண்டலு இல்ல, ஒரு சாய்வு இல்ல. நடக்கறத வெச்சே நான் சொல்லிருவேன்னு சொன்னனல்ல? முப்பது வருசமாப் பாத்த காலு அது. வலியே இல்லீங்க அவளுக்கு. பன்னெண்டு வருசத்து வலி, பன்னெண்டு நாள்ல எங்க போச்சு? நான் சொன்னது சரியாப் போச்சா இல்லியா? உழைச்ச வலியா இருந்தா ரெஸ்டு குடுத்தா...

ரெஸ்டு குடுத்தாப் போயிரும்.

இல்ல, இருங்க. அது தசைக்குச் சொன்னது. அது வேற. இது வேறயாத்தான் இருக்கோணும். கொஞ்சம் பேசாம இருங்க, எனக்கு ரோசனையே ஓடல.

பஸ்ஸப் பாத்துட்டா. என்னையும் பாத்துட்டா, சன்னல்ல. நின்னுட்டா பாருங்க. அம்மணி, வந்துட்டேன், இதோ எறங்கறேன். கண்டக்டர், ஒரு நிமிசம் பொறுங்க, விசில் ஊதிராதீங்க. நேரா எறங்க முடியாதுங்க எனக்கு. திரும்பி நின்னு, கம்பியப் புடிச்சு, ஒவ்வொரு காலாத்தான் பின்னால எறக்கோணும். பொறுங்க. வந்தர்றேன்.

ஏனுங்க, உங்களத்தான். நீங்க அந்தப் பக்கம் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நான் முதுகக் காட்டிட்டு எறங்கறதுல எனக்குத் தெரியல. அவ அங்கயே நிக்கறாளா, திரும்பிப் போயிட்டு இருக்கறாளா?

சொல்லுங்க. நிக்கறாளா?